தூங்குமூஞ்சிக்காக நின்ற வண்டி

ரெசியாத்தோவுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பணி ஓய்வு பெறும்வரை கணக்குப் பாடம் நடத்தியவன் இப்படிச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் மாரா சமவெளியின் ஓரத்தில் இருக்கும் எங்கள் மாசாய் ஊரில், பிள்ளைகளையும் மாடுகளையும் எண்ணிச் சொல்லும் வழக்கம் இல்லை. எண்ணினால் குறையும் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. மாலையில் மந்தை பட்டிக்குத் திரும்பும்போது வாயிலில் நிற்பவர், ஒவ்வொரு மாட்டின் நெற்றியையும் கொம்பையும் நிறத்தையும் பார்த்தபடியே நிற்பார். வராத முகம் எது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். "பிள்ளைங்க எப்படி?" என்று கேட்டால், "எல்லாரும் இருக்காங்க" என்பதுதான் விடை. அதற்குமேல் கேட்பது நாகரிகமன்று.

மூத்த மகன் பெயர் சிசியோன். ஆகையால் ஊரில் அவரை எல்லோரும் 'சிசியோன் அம்மா' என்றே அழைப்பார்கள். ஆற்றங்கரை முகாமில், காட்டு விலங்குகளைப் பார்க்க வரும் விருந்தினருக்கு வண்டி ஓட்டும் ஒரே பெண் அவர்தாம். முன்பு அதே முகாமின் சமையற்கூடத்தில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். விடியுமுன் புறப்படும் வண்டிகளுக்குத் தேநீரும் மந்தாசிப் பணியாரமும் கட்டிக் கொடுப்பது அவர் வேலை. கூடையைக் கொடுத்துவிட்டு வண்டி போகும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார் என்று சமையற்காரர் சொல்லியிருக்கிறார். பிறகு ஊர்க்கூட்டுறவு நடத்திய பயிற்சியில் சேர்ந்தார். வழிகாட்டித் தேர்வில் தேறினார். சட்டையில் வில்லை குத்திக்கொண்டார். வண்டிச் சாவிகள் தொங்குவது சமையற்கூடச் சுவரில்தான். அவருக்கென ஒதுக்கப்பட்ட ஆணியில் அதுவரை அகப்பை தொங்கியது.

படம் பிடிக்க வருகிறவர்களுக்கு அவர் வண்டி பிடிக்கும். விலங்குகளை விரட்டிப் பிடிக்க வேண்டும் என்று எண்ணுகிறவர்களுக்குப் பிடிக்காது. சூரியன் முதுகுப்பக்கம் இருக்குமாறு வண்டியை நிறுத்துவார். விலங்கு எந்தப் பக்கம் நடக்கும் என்று பார்த்து, அந்த வழியில் குறுக்கிடாமல் தொலைவாகவே நின்று, இயந்திரத்தை அணைத்துவிடுவார். பிறகு பேச்சே இருக்காது. "நாம போகக் கூடாது. அது வரணும்" என்பார். பெரும்பாலும் வரும். வராத நாள்களில்தான் தகராறு.

ஒரு முறை, சிங்கங்கள் இணைசேர்வதாக வயர்லெஸ்ஸில் செய்தி வந்து மற்ற வண்டிகளெல்லாம் பறந்தபோது, தடத்தின் நடுவே ஓர் ஆமை குழி தோண்டி முட்டையிட்டுக்கொண்டிருந்தது என்பதற்காக ரெசியாத்தோ நின்றுவிட்டார். வண்டியில் இருந்த குடும்பம் மேலாளரிடம் குறை சொன்னது. மேலாளர் ஒச்சோலா மேற்கே பெரிய ஏரிக்கரைப் பக்கத்துக்காரர். கோபம் வந்தாலும் குரல் உயராது.

"சிசியோன் அம்மா, ஆமையைப் பார்க்க யாரும் விமானம் ஏறி வர்றதில்ல. இன்னொருத்தர் இப்படி வந்து என்கிட்ட நின்னா, சாவி உங்க ஆணிக்குத் திரும்பாது. ரொட்டி சுட ஆள் இல்லாமத்தான் நான் திண்டாடிக்கிட்டு இருக்கேன்."

இந்த எச்சரிக்கைக்குப் பிறகு அவர் வண்டியில் ஏறிய முதல் விருந்தினர் கதோகோ. நக்கூரு நகரத்தில் புகைப்படக்கடை வைத்திருப்பவர், கிக்குயூ இனத்தவர். வாழ்நாளெல்லாம் கல்யாணப் படம் எடுத்துச் சலித்தவர். ஒரு சிவிங்கிப்புலி முழு வேகத்தில் பாயும்போது நான்கு கால்களும் தரையில் படாத அந்த ஒரு கணத்தைப் பிடித்துத் தம் கடை வாசலில் மாட்ட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலைப்பொழுது. அன்று நண்பகலில் கிளம்பினால்தான் மறுநாள் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சேர முடியும். அன்று நடந்ததை அவ்விருவரிடமும், தும்பேஸ் என்ற மற்றோர் ஓட்டுநரிடமும் தனித்தனியே கேட்டு, மூன்றும் ஒத்துப்போகும் பகுதியையும், ஒருவர் மட்டுமே அறியக்கூடியதை அவர் சொன்னபடியும் இங்கே எழுதுகிறேன்.

நீண்ட மழை முடிந்திருந்த காலம். புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்து, பனியில் நனைந்து கிடந்தது. இருள் விலகுவதற்குள் வண்டி ஆற்றைக் கடந்துவிட்டது. கதோகோ சிவப்புக் கட்டம் போட்ட போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, சன்னல் விளிம்பில் லென்ஸை வைப்பதற்காகக் கொடுத்திருந்த துணிப்பையைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன இருக்கு?"

"அவரைக்கொட்டை, சார். மக்காச்சோளமும் கொஞ்சம் கலந்திருக்கு."

"அட, எங்க வீட்டுச் சாப்பாடு! படம் சரியா வரலேன்னா இதையே வேகவச்சுச் சாப்பிட்டுட்டு ஊருக்குப் போயிடுவேன்."

"கிக்குயூக்காரங்க எதைப் பார்த்தாலும் சட்டிக்குள்ள போடத்தான் நினைப்பீங்க."

"மாசாய்க்காரங்க எதைப் பார்த்தாலும் மாட்டைத்தான் நினைப்பீங்க. நீங்க இந்த வண்டியையே மாடு மாதிரிதான் தட்டிக் குடுத்தீங்க, நான் பார்த்தேன்."

ரெசியாத்தோ சிரித்தார். உண்மையும் அதுதான்.

கிழக்கு வெளுத்தபோது அவர்கள் சிவிங்கிப்புலியைக் கண்டார்கள். ஒரு கறையான் புற்றின்மேல் தாய் நிமிர்ந்து அமர்ந்திருந்தது. அதைச் சுற்றிக் குட்டிகள் ஒன்றையொன்று உருட்டிக்கொண்டிருந்தன. முதுகில் குட்டிப்பருவத்துச் சாம்பல் மயிர் இன்னும் உதிரவில்லை. ரெசியாத்தோ தொலைவிலேயே வண்டியை நிறுத்தி அணைத்தார். முதற்கதிர் புல்நுனிகளில் ஏறியது. கதோகோ படம் எடுக்கத் தொடங்கினார். படம் பிடிக்கும் பெட்டியின் ஓசை மட்டும் கேட்டது. சற்று நேரங்கழித்து அவர் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்து, விரலை நீட்டினார்.

"எத்தனை குட்டி? ஒண்ணு, ரெண்..."

"சார்!" ரெசியாத்தோவின் குரல் சட்டென்று கடினமானது. "எண்ணாதீங்க."

"ஏம்மா?"

"எண்ண வேண்டாம். பேர் சொல்றேன், கேட்டுக்கோங்க. அந்த மூக்கு கறுத்தது கரிமூக்கு. வால் வளைஞ்சது வாலொடிஞ்சான். தாய் காதைக் கடிக்குதே, அது துடுக்கி. எப்பவும் கடைசியில வர்றது தூங்குமூஞ்சி."

"அது எங்க?"

"அங்கதான் எங்கயாவது கிடக்கும். நேத்து சாயங்காலம் எல்லாம் இருந்துச்சு."

குட்டிகள் மெல்ல மெல்ல வண்டியை நோக்கி வந்தன. நனைந்த புல்லின் குளிருக்கு, இயந்திரத்தின் வெப்பம் அவற்றுக்கு இதமாக இருந்திருக்கும். சக்கரத்தில் உராய்ந்தன; வண்டிக்கடியில் புகுந்து மறுபக்கம் வந்தன. அவ்வளவு அருகில் நீள லென்ஸ் பயன்படாது. கதோகோ பதற்றத்தில் லென்ஸைக் கீழ்நோக்கித் திருப்ப முயன்றபோது அவரைக்கொட்டைப் பை சரிந்தது. பெட்டி கையிலிருந்து நழுவியது. கழுத்துப் பட்டைதான் அதைக் காப்பாற்றியது. அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார் என்பதில் இருவரும் உடன்படுகிறார்கள். எந்த வார்த்தை என்பதில் உடன்படவில்லை.

அந்த அரவத்தில் குட்டிகள் புற்றுக்கே திரும்பி ஓடின. அந்நேரத்தில் தாய் எழுந்து நின்றது. தொலைவில், ஓடைக்கு இப்புறம், மான்கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. தாயின் தலை தாழ்ந்தது, தோள்கள் உயர்ந்தன. குட்டிகளைப் புற்றின் பக்கம் விட்டுவிட்டு, புல்லுக்குள் புகுந்து அது நடக்கத் தொடங்கியது. உடனே வயர்லெஸ்ஸில் தும்பேஸின் குரல் வந்தது.

"வேட்டைக்குக் கிளம்பிட்டா! எல்லாரும் ஓடையைச் சுத்தி அந்தப் பக்கம் போயிடலாம், வாங்க. ஓடினா நேரா நம்ம முகத்துக்குத்தான் ஓடி வருவா!"

"எடுங்க, வண்டியை எடுங்க!" என்றார் கதோகோ. லென்ஸை மடியில் அணைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

ரெசியாத்தோவின் கை சாவியில் இருந்தது. கண்கள் புற்றின்மேல் இருந்தன. கரிமூக்கு. துடுக்கி. சற்றுத் தள்ளி, வாலொடிஞ்சான். அவர் மறுபடியும் பார்த்தார். பட்டி வாயிலில் நின்று பார்ப்பது போலவே பார்த்தார். ஒரு முகம் வரவில்லை.

கை சாவியிலிருந்து விலகியது.

"சார், தூங்குமூஞ்சியைக் காணோம். அது வண்டிக்கடியில இருக்கலாம்."

"இல்லாமலும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம். ஆனா நிச்சயமாத் தெரியாம நான் சக்கரத்தை நகர்த்த மாட்டேன்."

இதே தாய் முன்பு ஈன்ற குட்டிகளில் ஒன்றை அப்படித்தான் இழந்திருந்தது. எந்த முகாமின் வண்டி என்பது தெரியவில்லை. ஓட்டியவர் நின்று பார்க்கவுமில்லை. தாய் அந்தச் சக்கரத்தடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அழைத்ததை ரெசியாத்தோ கண்டிருக்கிறார்.

"இறங்கிப் பார்த்துட்டா?"

"இறங்கக் கூடாதுன்னு சட்டம். அது கெடக்கட்டும். இறங்கினாலும் வண்டியைத் தட்டினாலும் பயந்து புல்லுக்குள்ள ஓடும். தாய் பக்கத்துல இல்ல. ஓடின குட்டி கழுதைப்புலிக்குத்தான்."

தும்பேஸின் வண்டி புல்லைக் கிழித்துக்கொண்டு வந்து, சற்றுத் தள்ளி நின்றது. அதில் விருந்தினர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னக்கா, வண்டி மக்கர் பண்ணுதா, நீ மக்கர் பண்றியா?"

"கீழ பார்த்துச் சொல்லு, தும்பேஸ். குட்டி இருக்கா?"

அவர் தொலைநோக்கியை எடுத்துக் குனிந்து பார்த்தார். "புல்லுதான் தெரியுது. ஒண்ணும் இல்லக்கா, எடு."

"ஒண்ணும் இல்லையா, ஒண்ணும் தெரியலையா?"

தும்பேஸ் தொலைநோக்கியைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தெரியலதான். ஆனா ஒச்சோலா சொன்னது ஞாபகம் இருக்கா? ஆமைக்கே அந்தப் பேச்சு. இன்னைக்கு இவரையும் வெறுங்கையா அனுப்பினா நாளைக்கு நீ மாவுதான் பிசையணும்" என்றார்.

"பிசைஞ்சு பழக்கந்தான். நீ போ, உன் ஆளுங்க தவிக்கிறாங்க."

அவர் போனார். கதோகோ இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆமைக் கதை அவருக்குத் தெரியாது. ஆனால் தம் நாக்கில்தான் இந்தப் பெண்ணின் சாவி தொங்குகிறது என்பது மட்டும் விளங்கிவிட்டது. அது அவரது எரிச்சலைக் குறைக்கவில்லை. ஓடைக்கு அப்பால் வண்டிகள் வரிசையாக நிற்பது தெரிந்தது. தாயின் முதுகு புல்லில் ஒரு கோடாக நகர்ந்துகொண்டிருந்தது.

"நீங்க அதைக் காலையில பார்த்தீங்களா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

ரெசியாத்தோ விடியற்காலையை நினைத்துப் பார்த்தார். அவர் ஒவ்வொரு குட்டியாகப் பெயர் சொன்னபோது தூங்குமூஞ்சி கண்ணில் படவில்லை. அங்கேதான் எங்கேயாவது கிடக்கும் என்று சொல்லிவிட்டார். நேற்று இருந்ததால் இன்றும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். எண்ணுகிறவர் விடியற்காலையிலேயே ஒன்று குறைவதைக் கண்டிருப்பார். ஒருவேளை குட்டியை இரவிலேயே கழுதைப்புலி தூக்கிச் சென்றிருந்தால், அவர் வெறும் புல்லுக்காகத் தம் வேலையையும் இந்த மனிதரின் ஒரே காலைப்பொழுதையும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"சார், நீங்க எடுத்த படத்தையெல்லாம் திருப்பிப் பாருங்க. அதுல இருந்தா சொல்லுங்க. நான் கண்ணை இங்கிருந்து எடுக்க முடியாது."

"இல்லேன்னா வண்டியை எடுப்பீங்களா?"

"எடுக்கறேன்" என்றார் ரெசியாத்தோ.

கதோகோ படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். கரிமூக்கும் துடுக்கியும். துடுக்கி மட்டும். தாயும் வாலொடிஞ்சானும். நல்ல படங்கள், வெளிச்சம் பொன்னாக இறங்கியிருந்தது. ஒன்றிலும் அந்தக் குட்டி இல்லை. வயர்லெஸ்ஸில் தும்பேஸ் மூச்சுவிடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்: "படுத்துட்டா... எழுந்துட்டா... இப்போ, இப்போ..."

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பெட்டி நழுவியபோது விரல் பட்டுத் தானாகவே எடுபட்ட படம். முழுக்கச் சாய்ந்திருந்தது. பாதிக்கு மேல் பின்சக்கரத்தின் சேறு. மேல் மூலையில், வண்டியின் அடிப்பாகத்து இருட்டிலிருந்து, வெள்ளை நுனியுடன் ஒரு வால் தொங்கியது. அடுத்த படத்தில் மற்றக் குட்டிகளெல்லாம் புற்றின்மேல் இருந்தன.

ரெசியாத்தோ திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தவர் கதோகோ ஒருவர்தாம். அழிக்கும் பொத்தானின்மேல் தம் கட்டைவிரல் இருந்தது என்பதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

"பாய்ஞ்சுட்டா!" என்று வயர்லெஸ் அலறியது.

கதோகோ பெட்டியை முன்னிருக்கைக்கு நீட்டினார். "சிசியோன் அம்மா, இதைப் பாருங்க."

ரெசியாத்தோ அதை ஒரு முறை பார்த்தார். "அதோட வால்தான். இயந்திரச் சூட்டுக்கு மேல ஏறிப் படுத்திருக்கு" என்றார். பிறகு சாவியைத் துளையிலிருந்து உருவித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

மான் பிடிபட்ட செய்தியும் வயர்லெஸ்ஸிலேயே வந்தது. அங்கே பெட்டிகளின் ஓசை ஆலங்கட்டி மழைபோல் கேட்டதாம். இங்கே இருவரும் ஆறிய தேநீரைக் குடித்தார்கள். கதோகோ மந்தாசியைப் பிய்த்துத் தின்றபடி பேசினார்.

"ஒரு கல்யாணம். குடும்பம் மொத்தத்தையும் நிக்கவச்சுப் படம் எடுத்தேன். தலையை எல்லாம் எண்ணித்தான் எடுத்தேன், கணக்குச் சரியா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பார்த்தா, நடுவுல யாரோ பக்கத்து வீட்டுக்காரன் நிக்கிறான். மாப்பிள்ளையோட அப்பா சமையல் பந்தலுக்குப் போயிருந்திருக்காரு. கொஞ்ச நாள்ல அவரு செத்தும் போயிட்டாரு. அந்தக் குடும்பம் இன்னைக்கும் என் கடை வாசல்ல வந்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போகும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எண்ணுறதில்ல. 'யார் வரலை?'ன்னு சத்தம் போட்டுக் கேட்பேன்."

"அதேதான் அண்ணே" என்றார் ரெசியாத்தோ. அதுவரை 'சார்' என்று சொல்லிவந்தவர், அன்று முதல் அவரை அப்படித்தான் அழைக்கிறார்.

வெயில் ஏறிய பிறகு தாய் திரும்பியது. முகவாயெல்லாம் சிவப்பு. புற்றருகே நின்று, பறவை கீச்சிடுவதுபோல் மெல்லிய குரலில் அழைத்தது. கரிமூக்கும் துடுக்கியும் வாலொடிஞ்சானும் ஓடி வந்தன. தாய் நகரவில்லை. மீண்டும் அழைத்தது. வண்டிக்கடியில் ஏதோ தொப்பென்று விழும் ஓசை கேட்டது. முதுகு மயிரில் எண்ணெய்க்கறையுடன், பாதித் தூக்கத்தில், தூங்குமூஞ்சி கதோகோவின் சன்னலுக்கு நேர்கீழே வெளிப்பட்டது. அவர் லென்ஸைத் தூக்கினார். அவ்வளவு அருகில் அது எதையும் தெளிவாகக் காட்டாது. இறக்கி வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். குட்டி அவரை நிமிர்ந்து பார்த்துக் கொட்டாவி விட்டது. பின்னர் தாயிடம் ஓடியது.

கடைசிக் குட்டியும் புல்லுக்குள் மறைந்த பிறகே ரெசியாத்தோ சாவியைத் துளையில் இட்டார்.

முகாம் வாயிலில் ஒச்சோலா நின்றிருந்தார். முன்னரே திரும்பியிருந்த விருந்தினர் தம் படங்களை ஒருவருக்கொருவர் காட்டி ஆரவாரித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு கால்களும் தரையில் படாத படம் அவர்களில் பலருக்கும் கிடைத்திருந்தது. ரெசியாத்தோ வண்டியிலிருந்து இறங்கி, காலிக் கூடையுடன் ஒதுங்கி நின்றார்.

"என்ன சார், வேட்டை கிடைச்சுதா?" என்று ஒச்சோலா கேட்டார்.

கதோகோ பெட்டியை நீட்டினார். ஒச்சோலா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"இது நம்ம டயரு."

"டயர்தான். மூலையைப் பாருங்க."

அவர் மூலையைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார், ரெசியாத்தோவைப் பார்த்தார். நடந்தது என்னவென்று தும்பேஸ் அவரிடம் அரைகுறையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

"இதுக்காகவா காலையெல்லாம் நின்னீங்க?"

"நின்னோம்" என்றார் கதோகோ. 'நின்றார்' என்று அவர் சொல்லவில்லை.

"இப்போ எத்தனை குட்டி இருக்கு?"

கதோகோ ரெசியாத்தோவின் பக்கம் ஒரு முறை திரும்பினார்.

"எல்லாரும் இருக்காங்க" என்றார்.

ஒச்சோலா பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். ரெசியாத்தோவின் கையிலிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் போய்விட்டார். கதோகோ கல்யாணத்துக்குக் கிளம்பினார். அன்றிரவு ரெசியாத்தோ உறங்கினாரா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் விடியுமுன் அவர் சமையற்கூடத்துக்குள் போனபோது, அகப்பை மாவுப் பானைக்குள் கிடந்தது. அவருடைய ஆணியில் சாவி தொங்கியது.

அவர் அதை எடுத்துக்கொண்டு இருட்டில் வண்டியிடம் போனார். கைவிளக்கை அடித்து, மண்டியிட்டு, அடியில் ஒரு முறை பார்த்தார். பிறகு அதன் முகப்பில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏறினார்.